இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதுமா? போதாது

“டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது. ஆனா நெட் ஊர்ந்துதான் போகுது.” இந்தப் புகாரோடு வரும் ஈதர்நெட் கேபிளில் (கணினியை நெட்டோடு இணைக்கும் எட்டு வயர் கேபிள்) பெரும்பாலும் முனையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடுகிறது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று கண்ணுக்கு அழகாக அடுக்கி க்ரிம்ப் செய்திருப்பார்கள், அதாவது பிளக்கை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். மறுமுனையிலும் அதே அடுக்கு. கேட்டால், “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும்னாங்களே” என்று பதில் வரும்.

போதாது. இந்த அரைகுறை உண்மைதான் ஈதர்நெட் வயரிங்கில் அதிகம் படுத்துகிறது.

வயர்களின் நிறத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் உள்ளே இருப்பவை எட்டுத் தனி வயர்கள் அல்ல. நான்கு முறுக்கு ஜோடிகள். ஒரு சிக்னல் ஒரு ஜோடியின் இரண்டு வயர்களிலும் எதிரெதிராகப் போகிறது. பக்கத்து ஜோடியின் இரைச்சலை அடக்குவது அந்த முறுக்குதான். நிறம் என்பது எது எதற்கு ஜோடி என்று காட்டும் அடையாளம், அவ்வளவே.

பிளக்கில் வயர் நுழையும் எட்டு இடங்களில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8 என்று அமைகின்றன. 3-4, 5-6 அல்ல. நடுவில் உள்ள 4, 5 பழைய தொலைபேசி இணைப்பின் இடம். அதோடு ஒத்துப்போகத்தான் 3-6 ஜோடி அதைத் தாண்டி உட்காருகிறது. கோணலாகத் தெரிந்தாலும் அதுதான் கணக்கு. இப்போது அந்த அழகான அடுக்கைப் பாருங்கள். 1-2ம் 7-8ம் தற்செயலாகச் சரியாக விழுந்துவிடும். 3இல் வெள்ளை-பச்சை, 6இல் நீலம். 4இல் பச்சை, 5இல் வெள்ளை-நீலம். ஒரே சிக்னலின் இரண்டு பாதியும் வெவ்வேறு முறுக்கில் ஓடுகின்றன. பச்சை ஜோடியும் நீல ஜோடியும் ஒன்றுக்குள் ஒன்று இரைச்சலைக் கொட்டும். இதைத்தான் ஸ்பிளிட் பேர் என்பார்கள். சாதாரண எல்இடி டெஸ்டர் 1 முதல் 8 வரை வயர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டுமே பார்க்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மீட்டர் கேபிளில் இது ஓடிக்கூட விடும், அதை வைத்துத்தான் “நல்லாத்தானே வேலை செஞ்சுது” என்பார்கள். நீளம் கூடக் கூட வேகம் சரியும், இணைப்பு விட்டுவிட்டு வரும்.

இதற்கான தரநிலை வரிசைகள் இரண்டு: டி568ஏ, டி568பி. டி568பி வரிசை, 1 முதல் 8 வரை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கிளிப் கீழே, தங்க நிறத் தகடுகள் மேலே, கேபிள் உங்கள் பக்கம் வருமாறு பிடித்தால் இடது ஓரம்தான் 1. டி568ஏ வேண்டுமென்றால் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும், வேறொன்றும் இல்லை. எது வேகம் என்று சண்டை வேண்டாம், இரண்டும் ஒன்றே. வீடு முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை ஏ, மறுமுனை பி என்றால் அது கிராஸ்ஓவர், அதாவது அனுப்பும் ஜோடியும் பெறும் ஜோடியும் இடம் மாறிய கேபிள். இன்றைய சாதனங்கள் பெரும்பாலும் தாங்களே சமாளித்துக்கொள்ளும், பழைய 100 எம்பிபிஎஸ் கருவி சமாளிக்காமல் போகலாம்.

மலிவான கேபிளில் வெள்ளை வயர்களின் கோடு கண்ணுக்கே தெரியாது. வெள்ளை-ஆரஞ்சும் வெள்ளை-பழுப்பும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலவே இருக்கும். தயவுசெய்து நான்கு ஜோடியையும் ஒரேயடியாகப் பிரித்துப் போடாதீர்கள். ஒரு ஜோடியைப் பிரித்து வரிசையில் வைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

வெளியுறையை மூன்று சென்டிமீட்டர் அளவு உரியுங்கள், உள்வயரில் கத்தி படக்கூடாது. வரிசைப்படுத்தி நீவி, உறைக்கு வெளியே 13 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி ஒரே வெட்டாக நறுக்குங்கள். பிரிந்த முறுக்கு அதற்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, குறைய இருந்தால் இன்னும் நல்லது. எட்டு முனையும் பிளக்கின் முன்சுவரைத் தொட வேண்டும், வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து அழுத்துக்கட்டையின் கீழ் மாட்ட வேண்டும். உறை வெளியே நின்றால் இழுபடும் முதல் தடவையே வயர் கழன்றுவிடும். தப்பாக க்ரிம்ப் செய்த பிளக்கைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, வெட்டிப் போடுங்கள்.

சுவருக்குள் போகும் கேபிளுக்குப் பிளக் அடிக்காமல் கீஸ்டோன் ஜாக் (பிளக்கைச் செருகும் சுவர் சாக்கெட்) வையுங்கள். அங்கே 1, 2, 3 என்று எண்ணாதீர்கள். ஜாக்கின் உள் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஏ, பி நிறப் பட்டையைத்தான் பின்பற்ற வேண்டும். பி பட்டையைப் பார்த்து ஒரு பக்கமும், ஏ பட்டையைப் பார்த்து இன்னொரு பக்கமும் அடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு!

வாங்கும்போதே வயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். தரநிலைக்கு உட்படாத கேபிள். வளைத்தால் ஒடியும். கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் செம்பைவிடச் சூடாகும்.

ஒரு கேபிளைப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கும் தேவை. ஒரு சிறு நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு இணைப்பைப் பல கணினிக்குப் பங்கிடும் பெட்டி) வைத்தால் வேலை முடிந்தது.

சுவரை மூடுவதற்கு முன் கணினியில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் சாதனங்களுக்கு நடுவே 100 என்று காட்டினால் எங்கோ ஒரு வயர் சரியாகத் தொடவில்லை. 1000 காட்டினாலும் நிம்மதியாகிவிடாமல், இரண்டு கணினிக்கு நடுவே பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து வேகம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். இரு முனையிலும் ஒரு சாண் கேபிளை விட்டு வையுங்கள், மறுபடி வெட்டி அடிக்க வேண்டியிருக்கும்.