மழைக்கொப்பியும் வாட்ஸ்அப் விஞ்ஞானியும்

புரட்டாதியில் நடக்கிற காலபோக (பெரும்போக நெற்செய்கை) கூட்டங்களில் எனக்கு எப்போதும் கடைசி இடந்தான். உர மானியம், யானை வேலி, வாய்க்கால் துப்புரவு, போன போகத்துக் கணக்கு எல்லாம் சண்டையாகி ஓய்ந்த பிறகு, “இனி மிஸ் ரெண்டு கதை கதைப்பா” என்பார் கமக்காரர் அமைப்புத் தலைவர். அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்றைக்கு நான் “காலநிலை மாற்றம்” என்று தொடங்கியதுதான் தாமதம், பின்வாங்கிலிலிருந்து ஒரு தம்பி கைபேசியை உயர்த்திப் பிடித்தான். “மிஸ், இதைக் கேளுங்கோ. இவர் பெரிய விஞ்ஞானி. காபனீரொட்சைட்டு பயிருக்குச் சாப்பாடாம். கூடினா விளைச்சலும் கூடுமாம். நீங்கள் சும்மா எங்களை வெருட்டுறியள்.”

நான் வாய் திறக்கமுதல் முன்வரிசையில் சால்வையோடு இருந்த ஐயா ஒருவர் திரும்பிப் பார்த்தார். “அறுபத்தி நாலாம் ஆண்டுப் புயலை நான் கண்ணால கண்டனான். எனக்குப் பதினொரு வயசு. அப்ப உங்கட காலநிலை மாற்றம் எங்க இருந்தது, பிள்ளை?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி அல்ல. தம்பியின் கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியது. ஐயாவின் கேள்வி எங்களைப் பற்றியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பதினான்கு வருடமாக விவசாயப் போதனாசிரியராக அலைகிறேன். காலநிலை மாற்றத்தை நம்பமாட்டேன் என்று சொல்கிற கமக்காரரோடு கொஞ்சம் நேரமெடுத்துக் கதைத்தால், அவருடைய கோபம் விஞ்ஞானத்தின் மேல் இல்லை என்பது தெரிந்துவிடும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆளின் மேல்தான் கோபம். அந்த ஆட்களில் நானும் ஒருத்தி.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசியில், ஐந்து நாள் எதிர்வுகூறலைப் பார்த்துவிட்டு, மானாவாரிக் கமக்காரர் சிலருக்கு “மழை வருகுது, விதையுங்கோ” என்று சொல்லிவிட்டேன். புழுதியில் விதைத்தார்கள். ஒரு தூறல் வந்தது, நெல் முளைக்க மட்டும் காணும் அளவுக்கு. பிறகு இரண்டு கிழமைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. முளை கருகியது. மூன்று ஏக்கருக்கும் திரும்ப விதைநெல் வாங்கின ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: “மாதம் முடிஞ்சா உங்களுக்குச் சம்பளம் வரும்.” எதிர்வுகூறலில் “மழைக்குச் சாத்தியம்” என்றுதான் இருந்தது. சாத்தியத்தை விழுங்கிவிட்டு மழையை மட்டும் சொன்னது நான்.

நாளைய மழை ஒரு சங்கதி, முப்பது வருட மழையின் போக்கு இன்னொரு சங்கதி என்று அந்த மனிதருக்கு நான் இப்போது போய் விளக்கினால் அவர் ஏன் கேட்கவேண்டும்?

இதைவிடப் பெரிய பிழை ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. எந்த வெள்ளம் வந்தாலும் மேடையில் ஏறுகிறவர் முதலில் சொல்வது “காலநிலை மாற்றம்”. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது சனம் கேட்ட கேள்விகள் ஒன்று இரண்டல்ல. பெய்த மழை எவ்வளவு? இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எத்தனை மணிக்குத் திறந்தது? கழிவு வாய்க்காலை மண் போட்டு நிரவினது ஆர்? எல்லாமே நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் வானத்தைக் காட்டிவிட்டு இறங்கினால், “வாய்க்காலை அடைச்சதும் காலநிலையோ?” என்று ஐயா கேட்பதில் என்ன பிழை? சாட்டுச் சொல்லப் பயன்படுத்திய சொல்லை, உண்மை சொல்ல வேண்டிய நாளில் ஒருவரும் காதில் எடுப்பதில்லை.

சரி, அறுபத்தி நாலுக்கு வருவோம். ஐயா சொன்னது முழுக்க உண்மை. 1964 டிசம்பர் 22 அன்று அந்தப் புயல் வன்னியைக் குறுக்கறுத்து மன்னார்ப் பக்கமாக வெளியேறியது. அன்று இரவே அக்கரையில் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. புயல் புதிதில்லை. ஒரு தனிப் புயலை வைத்துக் காலநிலை மாற்றத்தை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகும் இதையேதான் சொல்கிறேன். புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று விஞ்ஞானிகள் அடித்துச் சொல்வதில்லை. அவர்கள் உறுதியாகச் சொல்வது வேறு: காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அதால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்க முடியும். ஆகவே வருகிற புயல் கொட்டுகிற மழை கூடும். பழைய மழைக்குக் கணக்குப் பார்த்துக் கட்டின குளக்கட்டுக்கும் மதகுக்கும் இந்த ஏழு சின்ன விசயமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஐயாவை வேப்பமரத்தடியில் பிடித்தேன். “இப்ப மழை முந்தின மாதிரியோ ஐயா?” என்று கேட்டேன். உடனே சொல்லவில்லை. வெற்றிலையை மடித்தார். “ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை எண்டுறது. இப்ப தையில வெட்டுக்கு நிக்கிற வெள்ளாமையில கொட்டுது. ஆனா அதை வச்சு நீர் எழுதாதையும். எனக்கு நல்லதும் கெட்டதுந்தான் ஞாபகம். இடையில வந்த வருசங்கள் ஞாபகமில்லை.”

தரவு ஆராய்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற எச்சரிக்கையை மனுசன் ஒரு வாய் வெற்றிலைக்குள் முடித்துவிட்டார்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்ததாம். தகப்பன் தொடங்கினது. விதைத்த நாள், முதல் மழை, குளம் வான் பாய்ந்த நாள், அரிவி வெட்டின நாள், மூட்டைக் கணக்கு. 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் ஒரு பங்கருக்குள் அது போய்விட்டது. “உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்தன். கொப்பியை ஆர் நினைச்சது?” என்றார்.

அவருடைய கொப்பி மட்டுமல்ல. போர்க்காலத்தில் வடக்கின் பல நிலையங்களில் மழை, வெப்பப் பதிவுகள் அறுந்து அறுந்து கிடக்கின்றன. வன்னியின் தரவை மட்டும் வைத்து, இங்கே இவ்வளவு மாறியிருக்கிறது என்று மார்தட்டுகிறவர் யாராயிருந்தாலும் அவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். இதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. ஏனென்றால் பூமி சூடேறுகிறது, அதற்குக் காரணம் மனிதர் எரிக்கிற எரிபொருள் என்ற முடிவு, வன்னியின் மழைக்கொப்பியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

அது நிற்கிற இடங்கள் வேறு. காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1856 இல் யூனிஸ் ஃபூட் என்ற பெண் கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்துக் காட்டினார். 1859 இல் ஜோன் டிண்டல் அதை ஆய்வுகூடத்தில் அளந்தார். வளியில் அது இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896 இல் சுவீடனின் அரேனியஸ் கையால் கணக்குப் போட்டார். எங்கள் இரணைமடுக் கட்டுக்கு மண் வெட்டத் தொடங்குமுன்பே போட்ட கணக்கு அது. 1958 இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 315 பங்கு. இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. இதில் கட்சி, நாடு, வெள்ளைக்காரன், கறுவல் ஒன்றுமில்லை. கருவி காட்டுகிற எண்.

“சூரியன்தான் சூடாகுது” என்று இன்னொரு கதை ஓடுகிறது. அதைச் சரிபார்க்க ஒரு அழகான வழி இருக்கிறது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடேறவேண்டும். காபனீரொட்சைட்டு காரணமென்றால் கீழ்க்காற்று சூடேறும், மேலே படைமண்டலம் குளிரும். 1967 இலேயே மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணித்துச் சொன்னது இதைத்தான். பிறகு வந்த செய்மதிகள் அளந்தபோது கீழே சூடு, மேலே குளிர். மனாபேக்கு 2021 இல் பௌதிகவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முன்னுக்கே சொல்லிவிட்டுப் பிறகு அளந்து பார்ப்பது என்பது இலேசான காரியமில்லை. மழை பற்றி நான் சொன்னது போலில்லை அது.

இனி தம்பியின் வீடியோ. அதில் பேசியவர் படித்தவர்தான், ஆனால் அவருடைய துறை இதுவல்ல. தம்பியிடம் கேட்டேன்: “உன்ர லாண்ட்மாஸ்டர் பழுதானா, ஊரிலேயே கெட்டிக்காரப் பல் வைத்தியரிட்டக் கொண்டு போவியோ?” சிரித்தான். அந்த நகைச்சுவையோடு விட்டிருந்தால் அவன் பக்கத்து நியாயத்தை நான் திருடினவள் ஆவேன். அவர் சொன்னதில் பாதி சரி. நெற்பயிருக்குக் காபனீரொட்சைட்டு கூடினால் விளைச்சல் கூடும். யப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலிலேயே வாயுவைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், கூடத்தான் செய்தது. அதே சோதனைகளில் அரிசியின் புரதமும் இரும்பும் நாகமும் (சிங்க்) குறைந்தன. வீடியோ அந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மற்றப் பாதி சூடு. நெல் பூக்கிற நேரம் காற்று 35 பாகைக்கு மேலே போனால் மகரந்தம் கெட்டுச் சப்பி (பதர்) கூடும். இராச் சூடு இதைவிட வஞ்சகம். பகலில் இலை சமைத்து வைத்ததைப் பயிர் இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கும். இரா சூடானால் செலவு கூடும். பிலிப்பைன்சில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் சொந்த வயலின் கணக்கை 2004 இல் வெளியிட்டது. விளைகிற பருவத்தில் இரவின் தாழ்ந்த வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுக்கிறவருக்கு மூன்று மூட்டை. வீடியோக்காரர் இரவை மறந்துவிட்டார்.

“அப்ப விஞ்ஞானிகளே ஏன் அடிபடுகினம்?” என்றான் தம்பி. எங்கள் வீடுகளில் இரண்டு பஞ்சாங்கம். வாக்கியம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். சித்திரை வருசம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று வருசாவருசம் இழுபறி. அதற்காக ஒருவரும் வருசமே பிறக்கவில்லை என்று பொங்காமல் இருந்ததில்லை. சூடு எவ்வளவு வேகமாக ஏறும், முகில் எப்படி மாறும், எங்கள் வடகீழ்ப் பருவமழை கூடுமா குறையுமா என்பதிலெல்லாம் விஞ்ஞானிகளுக்குள் நிசமான வாதம் இருக்கிறது. மனிதர்தான் சூடாக்கினார்கள் என்பதில் இல்லை. காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2021 அறிக்கையில் அதற்குச் “சந்தேகமில்லை” என்ற சொல்லையே போட்டது. அதே ஐ.பி.சி.சி. 2007 இல் இமயமலைப் பனியாறுகள் 2035 இல் காணாமற் போகலாம் என்று பிழையாக எழுதி, 2010 இல் ஒப்புக்கொள்ளவும் வேண்டி வந்தது. அந்தப் பிழையைக் கிளறினவர்களில் பனியாறு படிக்கிற விஞ்ஞானிகளே முன்னுக்கு நின்றார்கள். இதை நான் கூட்டங்களில் மறைக்காமல் சொல்வேன். எங்களில் சில மேலதிகாரிகளுக்கு அது பிடிப்பதில்லை.

துறைசார்ந்தவரைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் வெளிநாட்டு உதாரணம் தேடத் தேவையில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியது. பயிர் விஞ்ஞானிகள் கத்தினார்கள். உரக் கம்பனிகளின் ஆட்கள் என்று பட்டம் கிடைத்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் அந்தக் காலபோகத்தில் நாட்டின் நெல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வெளிறி மஞ்சளாய் நின்ற வயலில் நின்றுகொண்டு ஒரு அம்மா என்னிடம் கேட்டா: “படிச்ச ஆக்கள் ஒருத்தரும் சொல்லேல்லையோ பிள்ளை?” சொன்னார்கள் அம்மா.

கடைசியாக, எல்லாக் கூட்டத்திலும் வருகிற கேள்வி: “இதை நாங்களோ செய்தனாங்கள்?” இல்லை. உலகம் வெளிவிடுகிற வாயுவில் முழு இலங்கையின் பங்கே நூற்றில் ஒன்றின் பத்தில் ஒரு பகுதிகூட இல்லை. பழியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்ற பயத்தில்தான் பலர் ஆதாரத்தையே தள்ளிவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. “நீங்கள் செய்யவில்லை, ஆனால் உங்கள் வயலுக்குள் வருகிறது” என்று பிரித்துச் சொன்னால் பாதிச் சண்டை அந்த இடத்திலேயே ஓய்ந்துவிடும். பிறகு குறுகிய வயது நெல், தையில் வருகிற மழைக்கு முன் வெட்டக்கூடிய விதைப்பு நாள், வடிகால் என்று வேலைக்கதை கதைக்கலாம்.

அந்தக் கிழமையே ஐயாவிடம் ஒரு பிளாஸ்ரிக் மழைமானி கொண்டுபோய்க் கொடுத்தேன். மரத்துக்கும் தாழ்வாரத்துக்கும் தள்ளி, கோழி ஏறாத இடமாகப் பார்த்துக் கட்டையில் பூட்டினோம். காலை எட்டரைக்கு வாசிக்க வேண்டும், கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து. பேத்தியின் பழைய சித்திரக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கீறிக் கொடுத்தேன். “உங்கட காலநிலை மாற்றத்தை நான் இன்னும் நம்பேல்ல” என்று சொல்லித்தான் வாங்கினார்.

மார்கழியில் ஒரு விடியல் தொலைபேசி அடித்தது. “பிள்ளை, இண்டைக்கு நாப்பத்தாறு. நேற்று ரெண்டு. முந்தநாள் ஒண்டுமில்லை. ஒண்டுமில்லாட்டியும் எழுத வேணுமோ?”

“ஓம் ஐயா. சைபர் எண்டு போடுங்கோ.”

“அப்ப இந்தக் கொப்பி காணாது. வரேக்க இன்னொண்டு கொண்டு வாரும். மட்டை தடிப்பானதா.”