வீட்டுத் தச்சுவேலைக்கு ஸ்லைடிங் மைட்டர் சா வாங்குமுன்

வீட்டின் கொல்லைப்புறக் கொட்டகையில் சொந்தமாகத் தச்சுவேலை பழகும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கோடையில் வயல்வேலை ஓய்ந்திருக்கும் விவசாயிகள் எனப் பலர் கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து என் பட்டறைக்கு வந்து, குறைந்த விலையில் நல்ல ஸ்லைடிங் மைட்டர் சா எது என்று கேட்கிறார்கள். மேசைமேல் வைத்த மரத்தை, மேலிருந்து இறங்கும் வட்டப் பிளேடால் குறுக்காகவோ கோணமாகவோ அறுக்கும் மின்ரம்பம்தான் மைட்டர் சா. கதவும் நிலையும் கட்டிலும் செய்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, நீங்கள் அறுக்கப்போகும் பலகை எவ்வளவு அகலம் என்பதைத்தான். பெரும்பாலோர் அதை யோசிக்காமலேயே இணையத்தில் விலையை ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஸ்லைடிங் இல்லாத சாதாரண 10 அங்குல மைட்டர் சா, ஏறத்தாழ ஐந்து அங்குல அகலமுள்ள சட்டத்தை ஒரே வெட்டில் அறுக்கும். 12 அங்குலப் பிளேடு கொண்டது எட்டு அங்குலம் வரை போகும். மோட்டாரும் பிளேடும் அடங்கிய தலைப்பகுதி முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் வகையிலோ, 216 மி.மீ. பிளேடு கொண்ட சிறிய இயந்திரமே 300 மி.மீ. அகலத்தை எட்டிவிடுகிறது. கொலுப்படிக்குப் பலகை அறுப்பவருக்கும் புத்தக அலமாரித் தட்டு செய்பவருக்கும் இந்த அகலம் தேவை. ரீப்பர், ஜன்னல் சட்டம், முக்காலிக் கால், படச்சட்டம் என்று மட்டும் செய்பவருக்கு அது தேவையே இல்லை. ஊஞ்சல் பலகை அறுக்க வேண்டும் என்று கேட்டு வருவோரும் உண்டு. முழு அகல ஊஞ்சல் பலகை எந்த மைட்டர் சாவுக்கும் ஒரே வெட்டில் அடங்காது. அதற்கு நேர்க்கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டி, கையில் பிடிக்கும் மின்ரம்பமான சர்க்குலர் சாவை ஓட்டுவதே முறை. பலகையை நீளவாக்கில் கிழிப்பதும் மைட்டர் சாவின் வேலையல்ல; குறுக்கு வெட்டும் கோண வெட்டும் மட்டுமே அதற்கு உரியவை.

அகலம் தேவைதான் என்று முடிவாகிவிட்டால், பார்க்க வேண்டியவை தலைப்பகுதியைத் தாங்கி நகரும் ராடுகளும் அவற்றின் பேரிங்குகளும்தான். மோட்டார், மேசை, பிளேடு ஆகியவை சாதாரண மைட்டர் சாவிலும் இருப்பவை. ஸ்லைடிங் வகைக்கென நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ராடுகளுக்கே போகிறது, மலிவு இயந்திரங்களில் மிச்சம் பிடிக்கப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். ராடு மெலிந்தோ பேரிங் தளர்ந்தோ இருந்தால், தலைப்பகுதியை முழுவதும் முன்னே இழுத்த நிலையில் அது பக்கவாட்டில் மிக இலேசாக ஆடும். கண்ணுக்குத் தென்படாத அந்த ஆட்டம் வெட்டில் தெரிந்துவிடும். கால் பாகை பிசகினால் 300 மி.மீ. பலகையின் மறு ஓரத்தில் 1.3 மி.மீ. விலகல் வரும், அரைப் பாகை என்றால் 2.6 மி.மீ. தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் செய்வதாக வைத்துக்கொண்டால், நான்கு மூலைக்கு எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாகக் கால் பாகை தவறினால் கடைசி மூலையில் 2 பாகை வாய் பிளந்து நிற்கும். எவ்வளவு பசையும் மரத்தூளும் வைத்து அடைத்தாலும் அது மறையாது.

ஆகவே கடையில் பெட்டியோடு வாங்கிக்கொண்டு புறப்படாமல், மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கொடுக்காமல், ராடுகளின் பூட்டைத் தளர்த்தி, தலைப்பகுதியை முழுதாக இழுத்த நிலையில் கைப்பிடியை இடமும் வலமும் மெல்ல அழுத்திப் பாருங்கள். ராடு மூட்டில் அசைவோ சத்தமோ இருந்தால் அந்த இயந்திரம் வேண்டாம். பின்பு மூலைமட்டத்தை ஃபென்ஸ் எனப்படும் பின்தடுப்பிலும் பிளேடின் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். மட்டம் பல்லைத் தொடாமல் தகட்டை மட்டுமே தொட வேண்டும். ஓட்டிக்காட்ட ஒப்புக்கொள்ளும் கடையாக இருந்தால், இரு ஓரமும் இணையாக இழைத்த அகலமான பலகைத் துண்டை எடுத்துச் சென்று குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் புரட்டிப் போட்டு, ஒரே நேர்க்கட்டையில் சாய்த்து இரு வெட்டு முகங்களையும் ஒட்டவையுங்கள். இடையில் தெரியும் சந்து உண்மையான பிழையைப் போல இரு மடங்கு என்பதால் சிறு குறையும் தப்பாது. பிழை பலகை முழுவதும் நேராக இருந்தால் ஃபென்ஸைத் திருகித் திருத்திவிடலாம். வெட்டுக்கு வெட்டு மாறினால் அது ராடின் குறை, திருத்த வழியில்லை.

உறுதியான ராடு உள்ள இயந்திரம் கைப்பணத்துக்குள் வரவில்லையென்றால், ஆடும் ஸ்லைடிங் சாவை வாங்குவதைவிட, ஸ்லைடிங் இல்லாத 10 அங்குல இயந்திரத்தையும் ஒரு நல்ல பிளேடையும் வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பல மாதிரிகளில் ராடுகள் பின்பக்கம் நீண்டு நகர்வதால், இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் அடி இடமாவது வேண்டும். பாஷ் நிறுவனம் சில மாதிரிகளில் ராடுகளுக்குப் பதிலாக மடங்கி விரியும் கையைப் பொருத்துகிறது. அதைச் சுவரை ஒட்டி வைக்கலாம், விலைதான் கூடுதல். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இருப்போர் எஃகு ராடுகளை உலர்ந்த துணியால் துடைத்து மெழுகு பூசிவர வேண்டும். எண்ணெய் பூசினால் மரத்தூள் ஒட்டி பேரிங்கை அரித்துவிடும்.

விலை குறைவு என்பதற்காக வேறொரு இயந்திரத்தை மைட்டர் சாவாகப் பயன்படுத்துவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இரும்புக் குழாய் அறுக்கும் 14 அங்குலக் கட்டிங் மெஷினைக் காட்டி, “பிளேட மாத்திக்கிட்டா மரமும் அறுக்கும்ணே” என்று சொல்லி விற்போர் இருக்கிறார்கள். உராய்வுச் சக்கரத்துக்காகச் செய்யப்பட்ட அந்த இயந்திரத்தின் உறை, பல் உள்ள மரப் பிளேடைக் கீழ்வரை மூடிக் காப்பதில்லை. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பும் வேறு. அதைவிட மோசமானது, ஆங்கிள் கிரைண்டரில் 4 அங்குல மரப் பிளேடைப் பூட்டி அறுக்கும் வழக்கம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தப் பிளேடு மரத்தில் சிக்கினால் இயந்திரமே துள்ளித் திரும்பும். நம் தொழிலில் விரல் இழந்தோர் பலருடைய கதை இதுதான்.

பிளேடைப் பொறுத்தவரை, இயந்திரத்தோடு வருவது பெரும்பாலும் கரடுமுரடான வெட்டுக்கானது. வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை இன்னொரு பிளேடுக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். 216 மி.மீ. என்றால் 48 பல், 10 அங்குலம் என்றால் 60 பல் வீட்டு வேலைக்குப் போதும். பற்களின் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் பல்லின் சாய்வைக் கேட்பதில்லை. ஸ்லைடிங் இயந்திரத்துக்கு அதுவே முக்கியம். முன்னோக்கி அதிகம் சாய்ந்த பற்கள் மரத்தைக் கவ்விக்கொண்டு தாமாகவே ஏறி வரும். ஆகையால் சாய்வு மிகக் குறைந்த, அல்லது பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் உள்ள பிளேடையே வாங்க வேண்டும். நடுத்துளை 25.4 மி.மீ.ஆ, 30 மி.மீ.ஆ என்பதையும் உறுதிசெய்து, உங்கள் ஊர்க் கடையில் தாராளமாகக் கிடைக்கும் அளவுக்குப் பொருந்தும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நம் பகுதியில் கிடைக்கும் மரங்களும் பிளேடின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தேக்கில் சிலிக்கா என்னும் மணற்சத்து இருப்பதால் பல் விரைவில் மழுங்கும். தென்னையின் வெளிப்பகுதியும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலா, மா, தேக்கு, பூவரசு மரங்களைப் பலகையாக அறுத்து அடுக்கி வைத்த வீடுகள் பல உண்டு. சீராக உலராத அத்தகைய பலகை வில்லாக வளைந்திருக்கும். புடைத்த பக்கம் ஃபென்ஸில் படும்படி வைத்து அறுத்தால் வெட்டு திறந்துகொடுக்கும், மாற்றி வைத்தால் பிளேடைக் கவ்விக்கொள்ளும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு உத்திரமும் நிலையும் அருமையான மரங்கள், ஆனால் வண்ணத்துக்கு அடியில் கொல்லன் அடித்த இரும்பு ஆணிகள் ஒளிந்திருக்கும். பிளேடின் கார்பைடு நுனி கடினமானது, ஆயினும் நொறுங்கக்கூடியது. ஓர் ஆணி போதும், பல பற்கள் போய்விடும், தெறிக்கும் துண்டு கண்ணையும் பதம் பார்க்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை மரத்தின் நான்கு பக்கமும் ஓட்டிப் பார்க்காமல் அதை மேசையில் ஏற்றாதீர்கள்.

மின்சாரம் அடுத்த தடை. 1600 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. எனவே 6 ஆம்பியர் சாக்கெட் போதாது, 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். கொட்டகைக்கு 1 சதுர மி.மீ. கம்பியில் 25 மீட்டர் நீட்டிப்பு இழுத்தால், ஓடும்போதே 6 வோல்ட் அளவுக்குக் கம்பியில் வீணாகும். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் ஊரில் ஏற்கெனவே மின்னழுத்தம் இறங்கியிருந்தால், மோட்டார் திணறி, நாம் அழுத்தம் கூட்டி, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் கருகும். 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் (RCCB) பொருத்துவதற்கு ஆகும் செலவை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். மெல்ல வேகமெடுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் வசதி உள்ள மாதிரி கிராமத்து மின்இணைப்புக்கு உகந்தது.

வெட்டு விழும் இடத்தைக் காட்டும் லேசர் கோட்டுக்காகப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. இருபுறமும் சாயும் தலையும் வீட்டு வேலையில் அரிதாகவே பயன்படும். தூசுப்பை பாதித் தூளைக்கூடப் பிடிப்பதில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவைச் சாத்திக்கொண்டு அறுப்போர் முகக்கவசமும் வாக்குவம் கிளீனர் இணைப்பும் இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

அறுக்கும் முறையைக் கடையில் யாரும் சொல்லித்தருவதில்லை. தலைப்பகுதியை முதலில் முன்னே இழுத்து, சுழலவிட்டு, கீழே இறக்கி, பின்னோக்கித் தள்ளி அறுக்க வேண்டும். இறக்கிவிட்டுத் தன் பக்கம் இழுத்து அறுத்தால் பிளேடு மரத்தின்மேல் ஏறி ஆளை நோக்கிப் பாயும். பிளேடு முற்றிலும் நின்ற பிறகே தலையைத் தூக்க வேண்டும். கை பிளேடிலிருந்து ஆறு அங்குலம் தள்ளியே இருக்க வேண்டும். சிறு துண்டை கிளாம்ப் இல்லாமல் பிடிக்கக் கூடாது. தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, கையுறை எதுவும் வேண்டாம். பிளேடை மூடும் உறையைக் கம்பியால் கட்டி வைத்த இயந்திரத்தை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும், முதலில் அந்தக் கம்பியை அவிழ்த்து உறை தானாகத் திரும்பி மூடுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பில் போடுமுன் கார்பன் பிரஷ், சுவிட்ச், ராடு பேரிங் ஆகிய மூன்றும் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள சர்வீஸ் சென்டரில் கிடைக்கின்றனவா என்று அங்கேயே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முதலிரண்டு மட்டும் கிடைக்கும், பேரிங் கிடைக்காது என்று சொன்னால் வேறு மாதிரியைப் பாருங்கள்.