குழாயைச் செருகும் முன் காட்டர் பின்னைத் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரர்கள், வெட்டு தொடங்குவதற்கு முன் தங்கள் நான்கு சக்கர குவாட் பைக்குகளைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். பின் ஆக்சில் நட்டு அசையவே மறுக்கும். கடற்காற்று மட்டும் காரணமல்ல. வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்பே. சேற்றோடு சேர்ந்து ஹப்பில் அப்பிக்கொண்டு மழைக்காலம் முழுவதும் இரும்பை அரிக்கிறது.

நட்டு இறுகியிருக்கிறது என்றதும் ஸ்பேனரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போடுகிறோம். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் பலத்தைக் காட்டுவதால்தான் மரையும் (திருகுப் புரியும்) போகிறது, ஸ்பேனர் நழுவி விரல் எலும்பும் முறிகிறது.

பின் ஆக்சில் நட்டின் மேல்விளிம்பு கோட்டை மதில் போல வெட்டு வெட்டாக இருக்கும். நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி ஊசியான ‘காட்டர் பின்’, அந்த வெட்டின் வழியாகத்தான் ஆக்சிலின் துளைக்குள் போகிறது. பின்னின் தலையும் கால்களும் துருவேறி உதிர்ந்துவிட்டால், பின்னே இல்லை என்று தோன்றும். கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். துளைக்குள் செம்பழுப்பாக ஒரு துண்டு அடைத்துக்கொண்டிருக்கும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டி அதை வெளியேற்றுங்கள். அதற்கு முன் நட்டைத் திருப்பினால் அந்தத் துண்டு மரையை உழுதுகொண்டே வரும். பிறகு ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான்.

கிளட்ச் நட்டில் வேறு தடை. பல வண்டிகளில் அதன் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள்; முதலில் அதை நிமிர்த்த வேண்டும். சிலவற்றில் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கையேட்டைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். சாக்கெட் ஆறுமுகமாக இருக்கட்டும். பன்னிரண்டு முக சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

நட்டு கழலாமல் மரையில் தடவும் சிவப்பு மரைப்பசை போட்டிருந்தால் சூடு தேவைப்படும், ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ். அருகிலுள்ள ஆயில் சீலும் ரப்பர் உறையும் அதைத் தாங்காது. அவற்றை மாற்றுவதாக இருந்தால் மட்டும் சூடேற்றுங்கள். உயிரோடு விளையாடும் தவறு ஒன்றும் இங்கே உண்டு: பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் உடனே கேஸ் டார்ச்சைக் காட்டுவது. பிரேக் கிளீனர்கள் பல எளிதில் தீப்பற்றும். குளோரின் கரைப்பான் உள்ளவை சூட்டில் பாஸ்ஜீன் வாயுவை வெளியிடும். முதல் உலகப்போரில் ஆயுதமாக வீசப்பட்ட நச்சு அது. சுவாசித்தவருக்கு முதலில் லேசான இருமல்தான் வரலாம். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தே தெரியவரும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பழைய பின்னை நிமிர்த்திப் போட வேண்டாம், புதியதையே போடுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகும் துளை நேராக வரவில்லையென்றால், அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் சற்று இறுக்குங்கள். நட்டைப் பின்னோக்கித் தளர்த்தி நேராக்காதீர்கள்.