சிவில் வழக்குக்கு வக்கீல் வேண்டுமா? முதலில் எந்தக் கதவைத் தட்டுவது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் கோர்ட் கடிதம் வந்தால், அதை அலமாரியில் வைத்துவிட்டு 'யாராவது தெரிந்த வக்கீல் இருக்கிறாரா' என்று விசாரிப்பதிலேயே நாள் ஓடிவிடும். கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ரிட் சம்மன் (உங்கள் மீது வழக்குப் போட்டிருப்பதைச் சொல்லும் கோர்ட் கடிதம்) என்றால், பொதுவாக 14 நாளுக்குள் உங்கள் வருகைப் பத்திரம், அதாவது வழக்கில் நீங்களும் கலந்துகொள்வதாகத் தெரிவிக்கும் பாரம், கோர்ட்டில் பதிவாக வேண்டும். தவறினால் எதிர்த்தரப்பு உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிடலாம்.

வழக்குப் போடப்போவது நீங்கள் என்றால், முதலில் தொகையைப் பாருங்கள். கூரை போட 3,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் வாங்கிய காண்ட்ரேக்டர் ஆளையே காணோம் என்று வையுங்கள். 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. 198ஆம் பாரத்தை நிரப்பி நீங்களே வாதாடலாம். உங்களுக்காக வக்கீல் வர அங்கே அனுமதி இல்லை. கடைக்காரர், காண்ட்ரேக்டர் மீதான பயனீட்டாளர் புகார் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும். சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா போதும்.

இவற்றில் அடங்காதது என்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமான், அதாவது அரசாங்கச் சட்ட உதவி இலாகா. 1971ஆம் ஆண்டு சட்டத்தின்படி இயங்குவது. விவாகரத்து, ஜீவனாம்சம், இறந்தவர் சொத்து, சாலை விபத்து இழப்பீடு போன்றவற்றை எடுத்துக்கொள்வார்கள். எல்லா சிவில் வழக்கும் அதில் வராது. வருமானத்தைக் கேட்பார்கள். ஆகவே ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, வந்த கடிதம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். பேராக்காரர்களுக்கு ஈப்போவில் அலுவலகம் உண்டு. வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையமும் அங்கேயே இருக்கிறது. அங்கும் வருமானம் பார்ப்பார்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் என்று இன்னொன்று உண்டு, ஆனால் அது கிரிமினல் வழக்குகளுக்கு. பலர் அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

விபத்து என்றதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நிற்கும் புரோக்கரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'ஒரு காசு வேண்டாம்ணே, ஜெயிச்சா முப்பது பர்சென்ட் போதும்' என்பார். ஜெயித்தால் மட்டும் கூலி, கிடைப்பதில் இத்தனை பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. புரோக்கர் மூலம் ஆள் பிடிப்பதும் தவறுதான். ஆனாலும் நடக்கிறது, நம் ஆட்களே நம் ஆட்களிடம் செய்கிறார்கள்.

காசு கொடுத்தே வக்கீல் வைப்பதென்றால், அவர் பெயர் வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள், கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள். 'அப்புறம் நிரப்பிக்கலாம்' என்று நீட்டும் வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.