ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வீலைத் தூக்கிப் பாருங்கள்

காட்பாடியில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குத் தினமும் வருவது பைக்கின் ஷாக் அப்சார்பர்தான், சுருக்கமாக ஷாக். ஆயில் கசியும், சீல் மாற்றித் தருவேன். வருஷக் கடைசியில் மட்டும் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் மாணவர் ஃபார்முலா போட்டிக்காகச் செய்த சின்ன ரேஸ் காரைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார்கள். கோவையில், ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகும் அவசரம். வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, ஸ்பிரிங் பத்தல. இதைவிட ஹார்டா வேணும்."

போன வருஷம் வந்த ஒரு காரில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் இறங்கி டங்கென்று இடித்து நின்றது. இரண்டு தடவை ஸ்பிரிங் மாற்றியிருந்தார்கள். ஷாக்கின் மேல் ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் மரை வளையமான காலரை ஸ்பேனர் போட்டு முடிந்தமட்டும் இறுக்கியும் இருந்தார்கள். "தம்பி, முதல்ல ஸ்பிரிங்கைக் கழட்டு" என்றேன். பையன் முழித்தான். ஸ்பிரிங் பத்தவில்லை என்று வந்தவனிடம் ஸ்பிரிங்கே வேண்டாம் என்றால் வேறென்ன செய்வான்?

காலரை முழுக்கத் தளர்த்தி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வெறும் ஷாக்கை அதன் இடத்தில் மாட்டினோம். கார் ஸ்டாண்டில் நிற்கிறது. வீலைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து வீலை மெதுவாகத் தூக்கினேன். 20 மில்லிமீட்டர் ஏறியதும் நின்றுவிட்டது. ஷாக்குக்குள் போக வேண்டிய தண்டு இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, வீல் மட்டும் ஏறவில்லை. குனிந்து பார்த்தால், போல்ட் மாட்டும் ஷாக்கின் கண்ணில் இருக்கும் உருண்டை பேரிங் சாய வேண்டிய இடத்தில் சாய முடியாமல் பிராக்கெட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் கூம்பு ஸ்பேசர் போட வேண்டிய இடத்தில் தட்டை வாஷர் போட்டிருந்தார்கள். தண்டைத் துடைத்துப் பார்த்தேன். குரோம் பளபளப்புக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் மங்கிய கோடு, சுண்டுவிரல் நகம் அகலம். தண்டு பக்கவாட்டில் அழுந்திக்கொண்டே ஓடினால் அப்படித்தான் தேயும். அடுத்து சீல் போகும், அப்புறம் ஆயில்.

மாணவர் ஃபார்முலா போட்டி விதிப்படி, டிரைவர் உட்கார்ந்த நிலையில் வீல் மொத்தம் 50 மில்லிமீட்டராவது அசைய வேண்டும். அதில் மேல்நோக்கி மட்டும் 25 வேண்டும். இந்தக் காரில் அது காகிதத்தில் இருந்தது. லேத்தில் கடைந்த ஆறு ஸ்பேசரில் வேலை முடிந்தது, பழைய ஸ்பிரிங்கே திரும்பவும் உட்கார்ந்தது.

காலரைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. இறுக்கினால் ஸ்பிரிங் ஹார்டாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் மாறாமல் ஸ்பிரிங்கின் பலம் மாறாது. காலரை இறுக்கினால் காரின் அந்த மூலை உயரும், அவ்வளவுதான். அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு முழுசாக நீண்ட நிலையிலேயே நிற்கும். பள்ளம் வந்தால் வீல் கீழே இறங்க வழியில்லாமல் அந்தரத்தில் தொங்கும்.

இன்னொரு கணக்கையும் பலர் தவற விடுகிறார்கள். ஸ்பிரிங்கில் 250 என்று அச்சிட்டிருந்தால், ஓர் அங்குலம் அழுத்த 250 பவுண்டு வேண்டும் என்று பொருள். அது ஸ்பிரிங்குக்கு. வீல் ஓர் அங்குலம் ஏறும்போது ஷாக் 0.8 அங்குலம்தான் அழுந்துகிறது என்றால், வீலுக்குக் கிடைப்பது 250ஐ 0.8ஆல் இரண்டு தடவை பெருக்கிய 160. ஷாக்கை இன்னும் சாய்த்து மாட்டி அது 0.6 ஆகிவிட்டால் 90தான். போன வருஷக் காரில் நன்றாக ஓடிய ஸ்பிரிங் இந்த வருஷக் காரில் தொளதொளவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு ஸ்கேல் எடுத்து அளந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சரி, ஒவ்வொரு வீலும் தாங்கும் எடைக்கு வருவோம். நான்கு வீலுக்கும் அடியில் தனித்தனி எடை மெஷின் வைக்கிறோம். அதற்கு முன் தரை மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருப்பாரே தண்ணீர் டியூப், அதை இரவல் வாங்கித்தான் நான் மட்டம் பார்க்கிறேன். டிரைவர் உட்கார வேண்டும், வளைவில் கார் சாயாமல் இடது, வலது வீலை இணைக்கும் ஆன்டிரோல் பார் கம்பி இருந்தால் ஒரு முனையைக் கழற்ற வேண்டும். அந்தக் காரில் வந்த எடை: முன் இடது 62 கிலோ, முன் வலது 84, பின் இடது 90, பின் வலது 68. இடப்பக்கம் கூட்டினால் 152, வலப்பக்கமும் 152. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் திக்கென்றது. குறுக்கே கூட்டிப் பாருங்கள்: முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 174, மற்ற இரண்டும் 130. டீக்கடை நாற்காலி ஒரு கால் கட்டையாக இருந்தால் குறுக்கே ஆடுமே, அதேதான். டிரைவரைக் கேட்டேன். இடப்பக்கம் திரும்பினால் மூக்கு நேராக ஓடுகிறது, வலப்பக்கம் திரும்பினால் வால் உதறுகிறது என்றான். முன் வலது, பின் இடது காலரை அரைச் சுற்று தளர்த்தி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறுக்கி, ஒவ்வொரு தடவையும் காரை அழுத்தி ஆட்டிவிட்டு எடை பார்த்தோம். குறுக்கு எடை 153க்கு வந்தபோது ராத்திரி ஒன்பது மணி.

ஷாக் அழுந்தும், நீளும் வேகத்தை அடக்கும் திருகுகளைக் கடைசியில்தான் தொடுவேன். முழுக்க மூடிவிட்டு, திறக்கும்போது கிளிக்கை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அழுந்திய ஷாக் திரும்ப நீளும் வேகத்துக்கான திருகை அளவுக்கு மீறி இறுக்கினால், தொடர்ந்து மேடு வரும்போது ஷாக் நீள நேரமில்லாமல் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கிவிடும். ஸ்பிரிங் பலவீனம் மாதிரியே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கோபப்படுவேன். கேஸ் ஷாக்குக்கு நைட்ரஜன்தான். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் இருக்கிறதே என்று அதை அடித்தால், ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்து வெடிக்கும். இரண்டாவது, ரோட்டுக் காரில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கைக் கம்ப்ரசர் கருவி போடாமல், கயிறு கட்டிக் கழற்றுவது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

ஷாக் போல்ட்டை இரண்டு பக்கமும் தகடு தாங்க வேண்டும், தகட்டுக்குள் மரை வரக்கூடாது. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டைக் கழற்றினால் புதுசு போடுங்கள், பத்து ரூபாய்தான். இறுக்கி முடித்ததும் நட்டு மேலிருந்து தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். முதல் ஐந்து லேப் முடிந்து வந்ததும் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது பையன்களின் வேலை. என் மகளின் சிவப்பு பாட்டில் அப்படித்தான் தீர்ந்தது. அவள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.