தனிநிலைக் கணிதம்: அரிப்பில் பிறந்த சொல்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் அண்ணன் மகன், 'டிஸ்கிரீட் மேத்ஸ்' புத்தகம் வாங்கிய அன்றே அகராதியைப் புரட்டிவிட்டு, "சித்தப்பா, ரகசியமா வச்சிக்கிற கணக்கா இது?" என்று கேட்டான். புத்தகத்தில் இருப்பது discrete; அவன் பார்த்தது, உச்சரிப்பு ஒன்றாகவும் எழுத்துக்கூட்டல் வேறாகவும் உள்ள discreet என்ற இன்னொரு சொல்லை. முழுத் தப்பும் இல்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தாய், லத்தீனின் 'டிஸ்கெர்னெரே'. 'டிஸ்' என்றால் விலக்கி. 'கெர்னெரே' என்றால் சலித்தல். நம் வீட்டு அரிப்பில், அதாவது சல்லடையில், மாவு கீழே இறங்கி, குருணை மேலே நிற்குமே, அதேதான். நல்லது கெட்டதைச் சலித்துப் பார்க்கத் தெரிந்தவன் வாயை அடக்குவான் என்று ஒரு கிளை போனது. சலித்துப் பிரித்தது, தனித்தனியானது என்ற மற்ற கிளை கணிதத்துக்கு வந்தது.

தனித்தனி என்றால் எப்படி? உடன்குடிப் பக்கம் (1986 வரை நெல்லை மாவட்டம்தான்) பதனி காய்ச்சும் குடிசையான ஒரு விடிலிக்குள் போய்ப் பாருங்கள். பானையில் இருக்கும் பதனியை ஒரு லிட்டர் எடுக்கலாம், ஒன்றேகால் எடுக்கலாம், நடுவில் எந்த அளவும் எடுக்கலாம். அது தொடர்ச்சி, நுண்கணிதத்தின் பாடு. அதையே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி, ஆறவிட்டுத் தட்டினால் கருப்பட்டி: ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்றுமில்லை. (கடைக்காரர் தராசில் போட்டால் மறுபடி தொடர்ச்சியாகிவிடும், அது வேறு கதை.) கணினிக்குள் இருப்பதும் 0, 1 என்ற கருப்பட்டிகள்தான். தருக்கம், கணங்கள், எண்ணும் முறைகள், கோட்டுருக்கள் (புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் படங்கள்) எல்லாம் இந்தப் பாடத்தில் வருவது அதனால்தான்.

சரி, தமிழில்? 'பிரிநிலை', 'தனிநிலை' என்று இரண்டு சொற்கள் முன்னால் நிற்கின்றன. லத்தீன் வேருக்கு நெருக்கம் பிரிநிலை. ஆனால் இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம், கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது: "இவர்களுள் இவனே கெட்டிக்காரன்." 2ஐயும் 3ஐயும் யாரும் பிரித்துவைக்கவில்லை, அவை தனியாகவே நிற்பவை. என் ஓட்டு தனிநிலைக்கு. பிளஸ் டூவில் 'தனிநிலைச் சமவாய்ப்பு மாறி' (டிஸ்கிரீட் ரேண்டம் வேரியபிள்) படித்த பிள்ளைகளுக்கு அது புதிதும் இல்லை.

அப்புறம், ஆய்த எழுத்துக்கே தனிநிலை என்று ஒரு பெயர் உண்டு. ஒட்டாத மூன்று புள்ளிகள்: ஃ. இதைச் சொன்னதும் பையனுக்குப் பிடித்துப்போய், நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாகப் போட்டு, கீழே 'தனிநிலை கணிதம்' என்று எழுதிவைத்திருக்கிறான். நடுவில் 'க்' விட்டுப்போயிருக்கிறது.