மரத்துப்போன காலுக்கு வெறுங்கால் நடை மருந்தல்ல

"வெறுங்கால்ல நடந்தா நரம்பெல்லாம் தூண்டப்படும்னு சொன்னாங்க சார், அதான் நடந்தேன்." சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு இது இப்போது அன்றாடம் கேட்கும் பதிலாகிவிட்டது.

கடைசியாகச் சொன்னவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். நெடுநாளாகச் சர்க்கரை. பூங்காவில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதையில் தினமும் காலையில் வெறுங்காலில் நடந்திருக்கிறார். பெருவிரலுக்கு அடியில் கண்ணாடித் துண்டு ஏறியது அவருக்குத் தெரியவில்லை. அறையில் ஏதோ நாற்றம் வருகிறது என்று மருமகள் தேடிப் பார்த்தபோதுதான் விரல் கறுத்திருப்பது தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கட்டுப் பிரிக்க வந்தவர், "ஆறினதும் மறுபடி எட்டு நடக்கலாமா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நடைப்பயிற்சிக்கு எதிரியல்ல. வெறுங்காலுக்கும் எதிரியல்ல. குழந்தைகள் மண்ணிலும் புல்லிலும் செருப்பில்லாமல் ஓடியாடுவது நல்லது. 1992-இல் நம் நாட்டிலேயே 2300 குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், செருப்பு, ஷூ போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. போடாத பிள்ளைகளில் 2.8 சதவீதம்தான். ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் சுத்தமான கடற்கரை மணலில் நடந்தால் பாதத்தின் சிறு தசைகளுக்கு நல்ல வேலை கிடைக்கும். நடக்கட்டும்.

ஆனால் இந்தப் பேச்சு அங்கே நிற்பதில்லை. வெறும் பாதம் மண்ணைத் தொட்டாலே போதும் என்று, 'கிரவுண்டிங்', 'எர்த்திங்' என்ற பெயரில் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கமின்மை, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் மருந்தாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்காவில் கேபிள் டிவி தொழிலில் இருந்த கிளின்ட் ஓபர் என்பவர் பரப்பிய கருத்து இது. பூமியிலிருந்து எலக்ட்ரான்கள் பாதம் வழியாக ஏறி உடம்பின் அழற்சியை அணைத்துவிடும் என்கிறார்கள். மண்ணைத் தொட்டதும் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் நொடியில் இறங்கிச் சமமாகிவிடும், அவ்வளவுதான். மருந்துபோல உள்ளே ஏறி வேலை செய்ய அங்கே எதுவும் இல்லை. ஆதாரமாகக் காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் மிகச் சில பேரை வைத்துச் செய்தவை. அவற்றை எழுதியவர்களில் சிலருக்கு பூமியோடு இணைப்பதாகச் சொல்லும் கிரவுண்டிங் விரிப்பு போன்ற பொருட்களை விற்கும் நிறுவனத்தோடு பணத் தொடர்பும் உண்டு. காலையில் புல்லில் நடந்தால் மனம் லேசாகிறது என்றால், அது நடந்ததாலும் காலைக் காற்றாலும் வந்தது. செருப்புப் போட்டு நடந்தாலும் வரும்.

இன்னொன்று. அந்த விரிப்புக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை பிளக்கின் எர்த் ஓட்டையில் செருகி, மறுமுனையைக் காலில் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் வீடுகள் பலவற்றில் எர்த்திங் ஒழுங்காக இருப்பதில்லை. எங்கேயாவது மின்கசிவு இருந்தால் அந்தக் கம்பி வழியாக நேராக உங்கள் உடம்புக்கு வரும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சரி, எனக்கு ஆகாத விஷயத்துக்கு வருகிறேன். 'மரத்துப்போன காலை வெறுங்கால் நடை எழுப்பிவிடும்' என்ற நம்பிக்கை. சர்க்கரையால் கெடுவது நரம்பு இழை. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் அவைதான் முதலில் கெடுகின்றன. பழுது நரம்பின் உள்ளே இருக்கிறது. வெளியே பாதத்தைக் கல்லில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் பழுது எப்படிச் சரியாகும்? அறுந்துபோன டெலிபோன் கம்பியின் இந்த முனையில் எவ்வளவு கத்தினாலும் அந்த முனையில் கேட்காது. "ஆனால் நடந்து வந்ததும் காலில் ஒரு சுறுசுறுப்பு தெரிகிறதே" என்பார்கள். தெரியும்தான். நடந்தால் இரத்த ஓட்டம் கூடும், பாதம் சூடாகும், மிச்சமிருக்கும் நரம்புகள் அதைச் சொல்லும். அது நரம்பு பிழைத்ததற்கு அடையாளமல்ல. கல் குத்துவது வலிக்காமல் 'இதமாக' இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும். கல் குத்தினால் வலிக்க வேண்டும்.

எனக்கு வலியே இல்லை, கால் நன்றாக இருக்கிறது என்பது இதன் இன்னொரு முகம். எங்களிடம் ஒரு நைலான் இழை இருக்கிறது. பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம். கண்ணை மூடச் சொல்லி அங்கங்கே தொட்டுவிட்டு, "தெரிகிறதா ஐயா?" என்று கேட்போம். "இன்னும் தொடலையே சார்" என்பார். பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகம் அப்போதுதான் மாறும். வரும் வழியில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வந்தவர்களும் உண்டு. வீட்டில் யாருக்காவது அப்படி ஆனால் அசட்டை என்று திட்டாதீர்கள். பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள்.

இந்த உண்மையைத் தமிழ்நாட்டில் இருந்தே ஒருவர் உலகத்துக்குக் காட்டியிருக்கிறார். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நோயால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலத்தில், உணர்ச்சியற்ற கைகால்களில் தெரியாமல் படும் காயங்கள்தான் காரணம் என்று நிறுவினார். அந்தக் கால்களைக் காப்பாற்றியதில் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததுதான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இவர்களைப் போய் செருப்பைக் கழற்று என்று சொல்லலாமா?

"எங்க தாத்தா செருப்பே போட்டதில்லை" என்பார்கள். அவருக்கு இருபது வருடச் சர்க்கரை இருந்ததா? ஈரமண்ணில் வெறுங்கால் வழியாக ஏறிய கொக்கிப்புழு எத்தனை பேரைச் சோகையில் தள்ளியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமியும், வயல் மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமியும் இருக்கும். இரண்டாவது குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளைத்தான் பிடிக்கிறது. பித்தவெடிப்பு இருந்தால் கிருமிக்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

கோயில் விஷயத்தில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. சித்திரை வெயிலில் கருங்கல் பிராகாரத்தில் உச்சிப்பொழுதில் நடக்காதீர்கள், அவ்வளவுதான். விடியலிலோ இருட்டிய பிறகோ போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸ் சூட்டைத்தான் கொஞ்சம் தாங்கும், ஆணியையும் முள்ளையும் தடுக்காது. உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலில் வேண்டாம். பாதயாத்திரையும் வேண்டாம். வேண்டுதல் இருந்தால் வீட்டில் இன்னொருவர் நிறைவேற்றட்டும். அண்ணாமலையார் ஏற்றுக்கொள்வார் என்றுதான் நான் நம்புகிறேன்.

மற்றபடி செய்ய வேண்டியவை. வீட்டுக்குள்ளும் செருப்பு, அதற்கென்று தனி ஜோடி. விரலிடுக்கில் வார் வரும் ஹவாய் வேண்டாம். பின்னால் பட்டி உள்ளது வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போய் வாங்குங்கள். ஷூவைத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், கார்ன் கேப் ஒட்டாதீர்கள். வெந்நீரில் காலை ஊறவைக்காதீர்கள், சூடு உங்களுக்குத் தெரியாது. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் எரிகிறது என்பதற்காகக் குளிர்ந்த தரையையும் புல்லையும் தேடிப் போகிறவர்களின் வேதனை எனக்குத் தெரியும். அதற்கு மாத்திரை இருக்கிறது, வந்து கேளுங்கள் அம்மா.

காயம் பட்டால் மஞ்சள், காப்பித்தூள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி சுற்றி, அன்றைக்கே வாருங்கள். செவ்வாய் கழியட்டும், அமாவாசை போகட்டும் என்று காத்திருந்து வருகிறவர்களுக்குத்தான் விரலோடு நிற்காமல் முழங்கால் வரை போகிறது. வலியில்லாமல் ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர் வாசல்களில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. வெறுங்காலில் நடக்காதே என்று உள்ளே சொல்கிறோம், வாசலிலேயே நாமே கழற்ற வைக்கிறோம். ஊசி உடைந்து கிடக்கக்கூடிய தரை அது. அறுவை அரங்குக்கு வெளியே அந்தப் பலகைக்கு வேலையே இல்லை. தரையை இன்னொரு தடவை துடைக்கச் சொல்லிவிட்டு, பலகையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.